1 நிமிஷம் 34 வினாடி

குஸ்தி நம் பேச்சில் இருக்கிற அளவுக்கு நம் நினைவில் இல்லை. கோதாவில் இறங்கினான் என்கிறோம், மண்ணைக் கவ்வினான் என்கிறோம், கிடுக்கிப்பிடி போடுகிறான் என்கிறோம், மல்லுக்கு நிற்காதே என்று குழந்தையை அதட்டுகிறோம். தேர்தல் செய்தி எழுதுகிறவர்களுக்கு இந்தச் சொற்கள் இல்லாவிட்டால் பிழைப்பு நடக்காது. ஆட்கள் போய்விட்டார்கள், வார்த்தைகள் தங்கிவிட்டன. பெயர்களில் தங்கியவை இரண்டுதான்: தாராசிங், கிங்காங். மயிலாப்பூர் மாட வீதியில் ஒருவன் கொஞ்சம் மார்பை நிமிர்த்தி நடந்தால் ‘நீ என்ன பெரிய தாராசிங்கா’ என்று கேட்க இன்னமும் ஆளிருக்கிறது. 1928இல் பஞ்சாபில் பிறந்து, சிங்கப்பூரில் தொழில் பழகி, 1968இல் பம்பாயில் லூ தெஸ்ஸை வீழ்த்தி உலகப் பட்டம் சூடிய மனிதரைக் கேட்கிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கிங்காங் என்பது குரங்கு மட்டுமல்ல, எமில் சாயா என்ற ஹங்கேரிக்காரரும் கூட என்பதும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

மூன்றாவதாக ஒரு பெயர் தங்கியிருக்க வேண்டும். தங்கவில்லை. ஹமீதா பானு. என்னைவிட மூத்தவர்கள் பலரிடம் பழைய குஸ்திகளைப் பற்றிப் பேச்சுக் கொடுத்திருக்கிறேன். தாராசிங்கின் தொடையை வர்ணிக்கிறவர்கள், கிங்காங்கின் வயிற்றுக்குக் கைகளை அகட்டி அளவு காட்டுகிறவர்கள், ஒருவராவது இந்தப் பெயரைச் சொன்னதில்லை. வடக்கே நடந்த சமாச்சாரம் என்று இதற்குச் சமாதானம் சொல்ல முடியாது. தாராசிங்கும் வடக்குதான்.

1954 பிப்ரவரியில், முப்பது வயதைத் தாண்டியிருந்த ஹமீதா பானு ஆண் பயில்வான்களுக்கு ஒரு சவால் விட்டார். என்னைக் கோதாவில் வெல்கிறவனை நான் கல்யாணம் செய்துகொள்கிறேன் என்பது சவால். அதற்குப் பிறகு பாட்டியாலாக்காரர் ஒருவர் தோற்றார், கல்கத்தாக்காரர் ஒருவர் தோற்றார். மே மாதம் பரோடாவில் மூன்றாவது சண்டை. ஊரெல்லாம் லாரிகளில் விளம்பரம் போயிற்று. மகாராஜாவின் ஆதரவு பெற்ற சோட்டே காமா என்ற பயில்வான்தான் முதலில் மோதுவதாக இருந்தது. பெண்ணோடு மோதமாட்டேன் என்று கடைசி நிமிஷத்தில் அவர் விலகிக்கொண்டார். பதிலுக்கு வந்தவர் பாபா பயில்வான். சண்டை 1 நிமிஷம் 34 வினாடியில் முடிந்தது. பாபா பயில்வான் அதோடு குஸ்தியை விட்டுவிடுவதாக அறிவித்தார்.

சவாலுக்கு மிகவும் முன்பே அவர் கோதாவில் இருந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். மிர்ஸாப்பூரில் பயில்வான்கள் குடும்பத்தில் பிறந்தவர், அலிகாரில் சலாம் பயில்வானிடம் பயின்றவர். 1944லேயே பம்பாயில் அவருக்கும் கூங்கா பயில்வானுக்கும் நடக்கவிருந்த குஸ்தியைப் பார்க்க ஏறக்குறைய 20,000 பேர் கூடியதாகவும், எதிராளியின் பேரங்களால் சண்டை ரத்தானதும் கூட்டம் அரங்கத்தை உடைத்து நொறுக்கியதாகவும் அக்காலப் பத்திரிகை சொல்கிறது. பத்து வருஷம் ஆண்களோடு மோதிய பிறகுதான் கல்யாண நிபந்தனை வருகிறது. ஆகவே அதை ஒரு பெண்ணின் மன விருப்பமாகப் படிக்கிறவர்கள் தவறாகப் படிக்கிறார்கள். அது வேஷம். நாடகக்காரன் கிரீடம் வைத்துக்கொள்வதுபோல் வைத்துக்கொண்டது.

இந்த வேஷம் ஏன் தேவைப்பட்டது என்பதுதான் என் கேள்வி.

ரொலான் பார்த் 1957இல் வெளியிட்ட ‘மித்தாலஜீஸ்’ நூலின் முதல் கட்டுரையே குஸ்தியைப் பற்றியது. தொழில்முறைக் குஸ்தி விளையாட்டல்ல, காட்சி. யார் ஜெயிப்பார் என்பதற்காக யாரும் அங்கே போவதில்லை. வலி, தோல்வி, அநியாயம், தண்டனை ஆகியவற்றை எந்த மூடாக்கும் இல்லாமல் பார்க்கப் போகிறார்கள் என்பது அவர் வாதம். குஸ்திக்காரனின் உடம்பே அவன் பாத்திரத்தைச் சொல்லிவிடுகிறது. பருத்துத் தொங்கும் சதையைப் பார்த்ததுமே இவன் அயோக்கியன் என்று கூட்டத்துக்குத் தெரியும். நம் தெருக்கூத்தில் துரியோதனனின் புஜகிரீடை செய்கிற காரியம் இதுதான். அதனால் பார்த் சொல்வது நமக்குப் புதிதல்ல. ஆனால் ஹமீதா பானுவை இந்தக் கணக்கில் சேர்த்தால் ஓர் இடறல் வருகிறது. 5 அடி 3 அங்குல உயரம், 108 கிலோ எடை. இந்த உடம்பு எந்தப் பாத்திரத்தைச் சொல்கிறது? அயோக்கியனா, உத்தமனா? கூட்டத்திடம் இதற்குச் சொல் இல்லை. பத்திரிகைகளுக்கும் இல்லை. அதனால் அவை பட்டியல் போட்டன: ஒரு நாளைக்கு இத்தனை லிட்டர் பால், ஒரு கோழி, ஆறு முட்டை, ஏறக்குறைய ஒரு கிலோ ஆட்டிறைச்சி, இரண்டு தட்டு பிரியாணி, ஒன்பது மணி நேரத் தூக்கம், ஆறு மணி நேரப் பயிற்சி. அர்த்தம் பிடிபடாத உடம்பை அளந்து பார்த்தாவது சமாளிக்கிற முயற்சி இது. கல்யாண நிபந்தனை அந்த வெற்றிடத்தில் வந்து உட்கார்ந்தது. இவள் யார்? மணப்பெண். அவ்வளவுதான், கூட்டத்துக்கு விளங்கிவிட்டது. டிக்கெட் வாங்கலாம்.

நம் மரபில் இந்த மணப்பெண் பழைய ஆள். ஆணை அண்டவிடாமல் மதுரையை ஆண்ட அல்லி இருக்கிறாள். திசையெல்லாம் வென்று கைலாசம் வரை படையெடுத்த தடாதகை இருக்கிறாள். சென்னையிலிருந்து அரக்கோணம் போகிற வழியில் திருவாலங்காட்டில் சிவனோடு ஆடிய காளி இருக்கிறாள். மூன்று பேரும் தோற்கிறார்கள். எப்படித் தோற்கிறார்கள் என்று பாருங்கள். அல்லி தூங்கும்போது அர்ஜுனன் பாம்பாக நுழைந்து தாலி கட்டிவிடுகிறான். தடாதகை எதிரே நிற்பவனைக் கண்டதும் நாணுகிறாள், கதை முடிந்தது. சிவன் காலைத் தலைக்கு மேல் தூக்க, பெண் அப்படித் தூக்கலாகாதென்று காளி நின்றுவிடுகிறாள். தூக்கம், நாணம், கூச்சம். ஒருத்தியும் பலக்குறைவால் தோற்கவில்லை. பலத்தால் தோற்கடிக்க முடியாது என்பதைக் கதை சொன்னவர்கள் அறிந்திருந்தார்கள் போலும், வேறு வழியைக் கண்டுபிடித்தார்கள். ஹமீதா பானு இந்த மணப்பெண்ணின் உடையைப் போட்டுக்கொண்டு, கதையின் கடைசி அத்தியாயத்தை மட்டும் நடக்கவிடாமல் ஊர் ஊராகத் தள்ளிப்போட்டுக்கொண்டே போனார். அவருடைய துணிச்சல் நிபந்தனை விதித்ததில் இல்லை, அதை நிறைவேறவிடாமல் வைத்திருந்ததில் இருக்கிறது.

சங்கப் பாட்டில் மல்லன் உண்டு. முக்காவனாட்டு ஆமூர் மல்லனைப் போர்வைக்கோப் பெருநற்கிள்ளி பொருது வீழ்த்தியதைச் சாத்தந்தையார் பாடினார். அதே கிள்ளியை நக்கண்ணை என்ற பெண் பாடினாள், தள்ளி நின்று, காதலோடு. பல்லவ நரசிம்மன் ஏழாம் நூற்றாண்டில் மாமல்லன் என்று பட்டம் சூட்டிக்கொண்டான். மல்லன் ஆண், பார்க்கிறவள் பெண் என்பதே ஏற்பாடு. அந்த ஏற்பாட்டில் பெண்ணுக்குப் பாட்டு உண்டு, கோதா இல்லை.

பெண் உடம்பைப் பொது மேடையில் ஏற்ற இந்த ஊரிலும் ஒரு வேஷம் தேவைப்பட்டிருக்கிறது. 1935 டிசம்பரில் அடையாறு தியஸாபிகல் சொஸைட்டியில் ருக்மிணி தேவி ஆடினார். அடுத்த வருஷம் கலாக்ஷேத்ரா வந்தது. பிராமணப் பெண் சதிர் ஆடுவதா என்ற கூக்குரலை அவர் எதிர்கொண்ட விதம் நமக்குத் தெரியும்: சிருங்காரத்தை ஒதுக்கி பக்தியை முன்னால் நிறுத்தியது, மேடையில் நடராஜரை வைத்தது. அந்த ஆட்டத்தைத் தலைமுறைகளாகக் காப்பாற்றியவர்களை 1947இல் சென்னை மாகாணச் சட்டம் கோயிலிலிருந்து வெளியேற்றியது. இன்னாருக்கு அனுமதி, இன்னாருக்கு இல்லை என்பதைத் தீர்மானித்தது ஆட்டம் அல்ல, எந்த உடையில் அது வருகிறது என்பதுதான். பக்தி என்ற உடை மரியாதையானது. அதற்கு சபா கிடைக்கும், பின்னால் விருதும் கிடைக்கும். மிர்ஸாப்பூர்ப் பயில்வான் வீட்டு முஸ்லிம் பெண்ணுக்கு அந்தக் கடையில் துணி இல்லை. அகப்பட்டது கல்யாணம்தான்.

அந்த உடையும் நெடுநாள் தாங்கவில்லை. பூனாவில் ராம்சந்திர சாளுங்கேயோடு நடக்க இருந்த சண்டை உள்ளூர்க் குஸ்தி சங்கத்தின் எதிர்ப்பால் நின்றது. கோலாப்பூரில் ஓர் ஆணை வீழ்த்தியதற்காகக் கூட்டம் கல்லெறிந்தது, போலீஸ் வந்தது, ஜனங்கள் எல்லாம் பித்தலாட்டம் என்றார்கள். பம்பாய் மாகாண முதலமைச்சர் மொரார்ஜி தேசாயிடம் அவர் முறையிட்டார். பெண் என்பதால் தடுக்கவில்லை, குஸ்தி ஏற்பாடு செய்கிறவர்கள் டம்மிகளை எதிரே நிறுத்துவதாகப் புகார், அதனால்தான் என்று பதில் வந்தது.

டம்மி என்ற இந்தச் சொல்லை நான் விடமாட்டேன். அந்நாள் குஸ்திகளில் காட்சி கலந்திருந்தது உண்மை. ஹமீதா பானு கலந்துகொண்ட ஒரு நிகழ்ச்சியில் நொண்டிப் பயில்வானுக்கும் குருட்டுப் பயில்வானுக்கும் உபரியாக ஒரு சண்டை வைத்திருந்தார்கள். குருடருக்குப் பல்வலி வந்துவிட்டதால் மற்றவர் ஜெயித்ததாக அறிவித்தார்கள். இது விளையாட்டு அல்ல, திருவிழாக் கூடாரம். ஆனால் அதே கூடாரத்தில்தான் தாராசிங்கும் கிங்காங்கும் மோதினார்கள். அவர்கள் சண்டையையும் ‘எல்லாம் முன்னாலேயே பேசி வைத்துக்கொண்டது’ என்று சொல்கிறவர்கள் உண்டு. சொல்லிவிட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை போவார்கள். அந்தச் சந்தேகம் தாராசிங் சினிமாவுக்குப் போவதைத் தடுக்கவில்லை, 1987இல் டெலிவிஷன் ராமாயணத்தில் அனுமாராவதைத் தடுக்கவில்லை, 2003இல் ராஜ்ய சபை நியமன உறுப்பினராவதையும் தடுக்கவில்லை. ஆண் பொய்ச் சண்டை போட்டால் அது ரஸனை. பெண் ஜெயித்தால் மட்டும் அது பொய்ச் சண்டையாகத்தான் இருக்க வேண்டும். காட்சிக்குப் பொய் குற்றமல்ல என்ற பார்த்தின் நியாயம் ஆண்களின் கூடாரத்தோடு நின்றுவிடுகிறது.

பிற்காலத்தில் தி.நகர்ப் பிள்ளைகள் சீட்டு சேர்த்து ஆடிய அமெரிக்கக் குஸ்தியிலும் எல்லை மீறிய வேஷங்கள் வந்தன. 1995இல் டபிள்யூ.டபிள்யூ.எஃப். கம்பெனி கோல்ட்டஸ்ட் என்ற ஒருவனை இறக்கியது. முகமெல்லாம் தங்கப் பூச்சு, தலையில் பொய்மயிர், எதிராளியைத் தடவிச் சீண்டி அவன் ஆண்மையைக் கலக்குவது அவன் யுத்தம். வேஷத்துக்குள் இருந்த டஸ்டின் ரன்னல்ஸ் பெரிய குஸ்திக்காரரின் மகன். 1999இல் சைனா என்ற பெண் அங்கே ஆண்களோடு மோதி அவர்களுடைய பட்டம் ஒன்றை வென்றாள். இவற்றையெல்லாம் ஒரு கம்பெனி திட்டமிட்டு விற்றது. கூட்டம் கூச்சல் போட்டது, கூச்சலும் டிக்கெட்டில் சேர்த்தி. எல்லை மீறுவதற்கென்றே அங்கே ஒரு எல்லை கட்டியிருந்தார்கள். ஹமீதா பானுவுக்கு அப்படிப்பட்ட வேலி இல்லை. கல் நிஜமான கல்.

1954லேயே பம்பாயில் வேரா சிஸ்டிலின் என்ற ருஷ்யப் பெண்ணை ஒரு நிமிஷத்துக்குள் வீழ்த்திய பிறகு, ஐரோப்பா போய் அங்கே மோதப்போவதாக அவர் சொன்னார். அத்துடன் கோதாவிலிருந்து அவர் பெயர் மறைகிறது. எழுபது வருஷம் கழித்து அவர் பேரன் பத்திரிகையாளரிடம் சொன்ன விவரம் இது: ஐரோப்பாப் பயணம் சலாம் பயில்வானுக்குப் பிடிக்கவில்லை, தடுப்பதற்காக அடித்தார், அதில் அவர் கைகள் முறிந்தன. சலாம் பயில்வான் அவருக்குக் குருவா, கணவரா என்பதில் குடும்பத்தார்களுக்குள்ளேயே ஒத்த கருத்தில்லை. பின்னால் கல்யாணில் பால் வியாபாரம், வீட்டு வாடகை. அதுவும் போதாதபோது வீட்டில் செய்த தின்பண்டங்களைத் தெருவோரம் விற்றல்.

அல்லியின் தூக்கம், தடாதகையின் நாணம், காளியின் கூச்சம் ஆகியவற்றோடு இதையும் வைத்துப் பார்க்கிறேன். பலத்தால் வெல்ல முடியாதவளை வெல்ல மரபு கண்டுபிடித்த வழிகளில் இது கவிதையில்லாத வழி. கதை சொல்கிறவர்கள் இதை மட்டும் நாகரிகமாக விட்டுவிட்டிருக்கிறார்கள்.

2024 மே 4ஆம் தேதி கூகுள் தன் முகப்பில் அவர் சித்திரத்தைப் போட்டது. பரோடாச் சண்டையின் செய்தி வெளியான நாளை நினைவுகூர்ந்து செய்தது. அன்றைக்கு எல்லோரும் 1 நிமிஷம் 34 வினாடியைத் திரும்பச் சொன்னார்கள். நான் அந்த 34 வினாடியில் நின்றுபோகிறேன். கோதாவில் நடந்ததற்கு நடுவர் இருந்தார், கடிகாரம் இருந்தது, இது மோசடி என்று கத்துவதற்காவது ஆயிரக்கணக்கில் ஜனங்கள் இருந்தார்கள். வீட்டுக்குள் நடந்த சண்டை பொய்ச் சண்டை என்று ஒருவரும் புகார் கொடுக்கவில்லை. அது எத்தனை நிமிஷம் நடந்தது என்று யாரும் குறித்து வைக்கவில்லை.