பிள்ளை பெறும்போது இறந்தவள்

பேய்ப்படம் பார்க்கிற வயதா இது என்று வீட்டில் கேட்டார்கள். ஆனாலும் ‘நாங் நாக்’ என்ற தாய்லாந்துப் படத்தைக் கடைசிவரை பார்த்தேன். நொன்சி நிமிபுத் இயக்கி 1999-இல் வந்தது. அங்கே வசூலில் சாதனை படைத்த படம். நம் பக்கத்தில் அதைப் பற்றிப் பேச்சே கிடையாது.

இன்று பாங்காக் நகரத்துக்குள் இருக்கும் பிரா கனோங், 19-ஆம் நூற்றாண்டில் கால்வாயோரக் கிராமம். மாக் என்பவன் கர்ப்பிணி மனைவி நாக் என்பவளை விட்டுவிட்டுப் போருக்குப் போகிறான். அங்கே அவன் காயத்தோடு போராட, இங்கே அவள் பிரசவ வலியில் துடிக்கிறாள். இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டுகிறார்கள். அவன் பிழைத்துவிட்டான். தாயும் பிள்ளையும் பிழைக்கவில்லை. அது தெரியாமல் ஊர் திரும்புகிறவனை இருவரும் வரவேற்க, அவன் பேயோடு குடும்பம் நடத்துகிறான்! கதாநாயகிக்கு வெற்றிலையில் கறுத்த பல், ஒட்ட வெட்டிய முடி. அக்காலச் சயாம் பெண்களின் கோலம் அதுதான்.

இது உண்மைக் கதை என்று அந்நாட்டவர் பலர் நம்புகிறார்கள். 1899-இல் கே.எஸ்.ஆர். குலாப் என்ற பத்திரிகையாளர் தம் ‘சயாம் பிரபேத்’ இதழில் வேறு கதை எழுதினார். நாக் என்றொரு பெண் பிரசவத்தில் இறந்தது நிஜம். அப்பா மறுமணம் செய்தால் சொத்து பங்காகிவிடும் என்று பயந்த பிள்ளைகளே பேய் வேஷம் போட்டு, கல்லெறிந்து ஊரை மிரட்டினார்களாம்.

விளக்கம் வந்தும் பேய் போகவில்லை. காரணம், பயம் நிஜமானது. பிள்ளையை வயிற்றில் சுமந்தபடி இறந்தவளின் ஆவியே மிகக் கொடியது என்பது தாய்லாந்து நம்பிக்கை. பிள்ளை பெற்றவளை நாட்கணக்கில் நெருப்பருகே படுக்க வைப்பதுதான் பழைய வைத்தியம். சயாமின் முதல் அரசு மருத்துவமனையான சிரிராஜ் 1888-இல்தான் திறக்கப்பட்டது. அங்கே மருத்துவச்சிகளுக்கான பள்ளியை ராணி சௌவபா 1896-இல் தொடங்கினார். அதற்கு முன் எத்தனை வீடுகளில் எத்தனை நாக்குகள் போயிருப்பார்கள்!

படத்தில் அவளை அடக்குவது சோம்டெட் தோ (1788–1872) என்ற புகழ்பெற்ற பிட்சு. மந்திரவாதிகள் தோற்ற இடத்தில் அவர் பொறுமையாகப் பேசி அவளைச் சாந்தப்படுத்துகிறார்.

பாங்காக்கின் வாட் மகாபுத் கோயிலில் இன்றும் அவளுக்குச் சன்னதி உண்டு. சிலைக்குத் தங்க ரேக்கு ஒட்டுகிறார்கள். அவளுக்குப் பட்டு உடை, குழந்தைக்குப் பொம்மை, பொழுதுபோக்கத் தொலைக்காட்சிப் பெட்டிகூட வைத்திருக்கிறார்கள். சுகப்பிரசவம் வேண்டிப் பெண்கள் வருகிறார்கள். கட்டாய ராணுவ சேவைக்கு அங்கே குலுக்கல் உண்டு. சிவப்புச் சீட்டு வந்தால் போக வேண்டும், கறுப்பு வந்தால் தப்பித்தார்கள். கறுப்புச் சீட்டு வேண்டி இளைஞர்களும் வருகிறார்கள். புருஷனைப் போருக்குக் கொடுத்தவளுக்குத்தானே அந்த வேதனை தெரியும்?

பயந்து ஓட வேண்டியவளிடம் போய் ஜனங்கள் துணை கேட்கிறார்கள். கிடைத்தால் படத்தைப் பாருங்கள்.