லண்டன் புகையும் காய்ச்சலின் பெயரும்

1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டன் மாநகரைக் கவிந்திருந்த புகைப்பனியைப் பற்றிப் படிக்கும்போது நம் மனத்தில் முதலில் தங்குபவை காட்சிகளே. நடத்துநர் கையில் விளக்கேந்தி முன்னே நடக்க, பின்னே ஊர்ந்த பேருந்துகள், அரங்கினுள் புகை புகுந்ததால் பாதியில் நின்றுபோன 'லா டிராவியாட்டா' இசைநாடகம் (நாயகி காசநோயால் மாயும் கதை அது!); ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் மூச்சுத் திணறி விழுந்த கொழுத்த மாடுகள். மாடுகளின் சாவு உடனே செய்தியாயிற்று. மனிதர்களின் சாவோ, இறப்புப் பதிவேடுகளைக் கூட்டிப் பார்த்த பின்னரே முழுமையாகத் தெரியவந்தது. டிசம்பர் 13-இல் முடிந்த வாரத்தில் பெருநகர் லண்டனில் பதிவான மரணங்கள் 4,703. முந்தைய ஆண்டின் அதே வாரத்தில் 1,852.

காற்று அசையாத கடுங்குளிர். தரையையொட்டிய குளிர்காற்றின்மீது வெப்பக்காற்று மூடிபோல் அமர்ந்துகொள்ள, வீட்டுக் கணப்புகளும் அனல்மின் நிலையங்களும் கக்கிய புகை மேலெழ வழியின்றித் தேங்கியது. கந்தக டை ஆக்சைடு பனித்துளிகளில் கரைந்து கந்தக அமிலமாயிற்று. போருக்குப் பிந்தைய கடன்சுமையில் பிரிட்டன் தன் நல்ல நிலக்கரியை ஏற்றுமதி செய்துவந்தது. 'நட்டி ஸ்லாக்' எனப்பட்ட தூள்கரிக்கு டிசம்பர் 1 அன்றுதான் பங்கீட்டிலிருந்து விலக்களித்திருந்தது. ஏழைகளின் கணப்பில் எரிந்தது அதுவே.

இறந்தோரில் பெரும்பாலோர் முதியவர்கள், கைக்குழந்தைகளும் உண்டு. மார்ச்சளியும் இளைப்பும் அந்நகரத்துத் தொழிலாளிக்குக் குளிர்காலத்தின் இயல்பான துணைகள். நாட்பட்ட மூச்சுக்குழல் அழற்சிக்கு 'ஆங்கிலேயர் நோய்' என்ற பெயரே இருந்தது. நெருக்கமான குடியிருப்பு, கரிப்புகை, சிகரெட் ஆகிய மூன்றும் ஏற்கெனவே அரித்து வைத்திருந்த நுரையீரல்களுக்கு ஐந்து நாட்கள் போதுமானவையாக இருந்தன. புகையிலைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்குமான தொடர்பை டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் 1950-இலேயே எழுதிவிட்டிருந்தனர். அதை அரசு ஏற்றுக்கொள்வதாக 1954-இல் அறிவித்த சுகாதார அமைச்சர் இயன் மக்லௌட், அந்தச் செய்தியாளர் கூட்டம் நெடுகிலும் புகைத்துக்கொண்டே இருந்தார்.

புகை விலகிய பின்னும் சாவு எண்ணிக்கை இறங்கவில்லை. 1953 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் வழக்கத்தைவிடப் பல ஆயிரம் பேர் கூடுதலாக இறந்தனர். அவற்றை இன்ஃப்ளூயென்சாவின் கணக்கில் எழுதியது சுகாதார அமைச்சகம். புகைக்கு 4,000 பேர், மற்றவை காய்ச்சலுக்கு என்று கணக்கு முடிந்தது. இதைச் சூழ்ச்சி என்று மட்டும் சொல்வது எளிது. கிருமியால் வரும் நோய்க்கு அமைச்சர் எவரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்ற வசதியே போதுமான காரணமாக நமக்குத் தோன்றுகிறது. பெரிதாக ஏதும் செய்ய இயலாது, ஆனால் மும்முரமாக இயங்குவதாகக் காட்டிக்கொள்ளலாம் என்ற பொருளில் ஹரால்ட் மக்மில்லன் அமைச்சரவைக்கு எழுதிய குறிப்பும் அக்காலத்ததே. பீவர் குழுவின் அறிக்கைக்கும் நாடாளுமன்ற அழுத்தத்துக்கும் பிறகு, 1956-இல்தான் தூய காற்றுச் சட்டம் வந்தது.

2001-இல் மிஷெல் பெல்லும் டெவ்ரா டேவிஸும் பழைய பதிவேடுகளை மறுபடி கணக்கிட்டனர். அக்குளிர்காலத்துக் கூடுதல் மரணங்களில் ஒரு சிறு பங்கையே காய்ச்சலால் விளக்க முடிந்தது. பிப்ரவரி வரையிலான எண்ணிக்கை 12,000-ஐ ஒட்டி நின்றது. அந்நாட்களில் இறந்த சிலரின் நுரையீரல் திசுக்கள் ராயல் லண்டன் மருத்துவமனையில் பாதுகாக்கப்பட்டிருந்தன. 2003-இல் வெளியான ஓர் ஆய்வு அவற்றை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தது. கரித்துகள்களும், ஈயமும் துத்தநாகமும் கலந்த நுண்துகள்களும் அவற்றில் அப்படியே படிந்திருந்தன.