பட்டியலின் அதிகாரம்

127 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 39 இலக்க எண் வரும். அது பகா எண் என்று 1644இல் பாரிஸ் துறவி மெர்சென் ஒரு பட்டியலில் எழுதினார். நிரூபணம் கிடையாது. 67, 257 இரண்டும் அதில் தப்பு. 61, 89, 107 விட்டுப்போனவை. ஆனாலும் இருநூறு வருஷத்துக்கு மேல் அந்தப் பிரதி பிரமாணமாக நின்றது. (எம்.ஏ. தமிழில் உரையாசிரியர்களை நாங்கள் படித்ததும் ஏறக்குறைய இப்படித்தான்.)

1876இல் பிரெஞ்சுக்காரர் எத்வார் லூகா, ஒவ்வோர் எண்ணாக வகுத்துப் பார்ப்பதையே விட்டுவிட்டார். 3-ஐ வர்க்கமாக்கி 2 கழித்தால் 7. அதற்கும் அப்படியே செய்தால் 47. ஒவ்வொரு தடவையும் அந்த 39 இலக்க எண்ணால் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொண்டு மேலே போகவேண்டும். 125ஆம் தடவை மீதி பூஜ்யம் என்றால் அது பகா எண். 127 தேறியது. 67 விழுந்தது, அதன் காரணிகளோ 1903இல் கோல் காட்டும்வரை யாருக்கும் தெரியாது.

127இல் மெர்சென் சொன்னது சரிதானே என்பார்கள். 67ஐ எழுதியதும் அதே பேனாதான். தற்செயலாகப் பலித்ததை அறிவு என்று ஏற்க எனக்கு மனமில்லை. ஆனால் இவ்வகை எண்களுக்கு இன்றும் மெர்சென் பெயர்தான்.

கையால் கணக்கிட்டுக் கண்ட பகா எண்களில் இதைவிடப் பெரியது இல்லை. 1951இல் கேம்பிரிட்ஜின் எட்சாக் கணினியில் மில்லரும் வீலரும் 79 இலக்கப் பகா எண்ணைப் பிடித்தார்கள்: லூகாவின் எண்ணை வர்க்கமாக்கி, 180ஆல் பெருக்கி, ஒன்றைக் கூட்டியது.