வளையத்தில் ஒரு முகவரி

கோடியக்கரையில் பிடித்து விடப்படும் உள்ளானின் காலில் ஓர் எண்ணும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பெயரும் பொறித்த சிறு வளையம் இருக்கும். தொலைதேசத்தில் அதைக் கண்டவர், மின்னஞ்சல் வரும் முன், கழகத்துக்குக் கடிதம்தான் எழுத வேண்டியிருந்தது.

இந்திய ஆய்வாளர்களுக்கு மின்னஞ்சலைக் கொண்டுவந்தது 1986இல் தொடங்கிய எர்நெட் என்ற கல்வி, ஆய்வு வலையமைப்பு. சென்னை உள்ளிட்ட ஐந்து ஐஐடிகளும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் அதில் முதலில் சேர்ந்தவற்றில் அடங்கும். பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று.

அப்போது இணைப்பு தொலைபேசி வழியே. நிமிடத்துக்கு நிமிடம் காசு. ஆகவே கணினியிலேயே நிறுவும் மின்னஞ்சல் மென்பொருள் பெரிய வரம். இணைத்து, கடிதங்களை இறக்கி, துண்டித்துவிட்டு நிதானமாகப் படிக்கலாம். பதில்களை எழுதி வைத்து மறுபடி இணைத்து அனுப்பலாம். அத்தகைய மென்பொருள்களில் ஒன்று, 1988இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் டோர்னர் எழுதியது யூடோரா. இன்னொன்று, 1990இல் நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் டேவிட் ஹாரிஸ் உருவாக்கி இலவசமாகக் கொடுத்தது பெகாசஸ். இரண்டும் வளாகத்தில் பிறந்தவை என்பது தற்செயல் அல்ல. தேவை அங்கேதான் இருந்தது.

இவற்றை அமைப்பதற்குப் பயனர் பெயர், கடவுச்சொல், வரும் அஞ்சலுக்கு ஒரு வழங்கி (சர்வர்), போகும் அஞ்சலுக்கு இன்னொன்று வேண்டும். வரும் அஞ்சலைப் பெற இரு முறைகள்: பாப் முறை கடிதத்தைக் கணினிக்கு இறக்கிவிடும். ஐமேப் வழங்கியிலேயே வைத்திருக்கும்.

பறவை ஆய்வாளர்கள் பாப் முறையில் இறக்கிய களக் குறிப்புகள் பல, பழைய கணினிகளில் மட்டுமே இருக்கக்கூடும். யூடோராவின் அஞ்சல் பெட்டிகள் எளிய எழுத்துக் கோப்புகளே. வட்டு பழுதாகும் முன் பிரதி எடுத்து வையுங்கள்.