நண்டின் நரம்பிலிருந்து சிறுநீரகம் வரை

வெள்ளவத்தைக் கரையில், புகையிரதப் பாதைக்கு அப்பாலுள்ள பாறைகளில் ஓடித் திரியும் நண்டுகளைக் காணாதார் நம்முள் இலர். அத்தகைய எளிய பிராணியின் கால் நரம்பிலே மனித உடலின் பெரியதோர் இரகசியத்தைக் கண்டவர் டென்மார்க் நாட்டு விஞ்ஞானி ஜென்ஸ் ஸ்கூ ஆவர்.

நமது சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லீற்றர் நீரைக் குருதியிலிருந்து வடிக்கின்றன. சிறுநீராய் வெளியேறுவதோ ஒன்றரை லீற்றர் அளவே. எஞ்சியது நுண்குழாய்களின் வழியே மீண்டும் குருதியைச் சேர்கிறது. 1920களில் அமெரிக்கராகிய ஏ. என். றிச்சர்ட்ஸ், தவளையின் சிறுநீரகத்தில் நுண்ணிய கண்ணாடிக் குழாயைச் செலுத்தி வடிநீரை எடுத்து ஆராய்ந்து, முதலில் வடித்தலும் பின்னர் மீள உறிஞ்சுதலும் நிகழ்வதைக் காட்டினார். ஆயினும், உப்பை மீட்டெடுக்கும் பொறி யாது என்ற வினா விடையின்றி நின்றது.

1918இல் பிறந்த ஸ்கூ, வைத்தியராகத் தேறி, 1947இல் ஆர்ஹூஸ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியைத் தொடங்கினார். அவர் தேடியது சிறுநீரகத்தின் இரகசியத்தை அன்று. உணர்வு மரப்பு மருந்துகள் எங்ஙனம் வேலை செய்கின்றன என்பதையே. அதன் பொருட்டு மீனவர் ஒருவரிடம் நண்டுகளை வாங்கி, அவற்றின் நரம்பைப் பிரித்தெடுத்தார். அந்நரம்பிலுள்ள ஒரு நொதியம், சோடியமும் பொற்றாசியமும் ஒருங்கே இருக்கும்போது விரைந்து தொழிற்படுவதைக் கண்டார். 1957இல் அதனை வெளியிட்டபோது கட்டுரையின் தலைப்பில் ‘பம்பி’ என்ற சொல்லையே அவர் சேர்க்கவில்லை. அத்துணை அடக்கம்!

மறு ஆண்டு வியன்னா மாநாட்டில் றொபேட் போஸ்ட் என்னும் அமெரிக்க அறிஞரைச் சந்தித்தார். ஆபிரிக்க வேடர் அம்பில் பூசும் ஊவபாயின் என்னும் நஞ்சு கலத்தின் சோடியப் பம்பியைத் தடுக்கும் என்பதை அவர்வழி அறிந்தார். அந்நஞ்சு நண்டு நரம்பின் நொதியத்தையும் தடுத்தது. ஐயம் நீங்கிற்று: நொதியமும் பம்பியும் ஒன்றே!

இப்பம்பி மூன்று சோடிய அயன்களை வெளியேற்றி, இரண்டு பொற்றாசிய அயன்களை உள்ளே கொணர்கிறது. சிறுநீரக நுண்குழாய்க் கலங்களில் இது செறிந்துள்ளது. கலத்திலுள்ள சோடியத்தை இது குருதிப்பக்கம் தள்ள, வடிநீரிலுள்ள சோடியம் கலத்துள் புகும். அதனைத் தொடர்ந்து குளுக்கோசும் நீரும் மீளும். பின்னாளில் இந்நொதியத்தைத் தூயதாய்ப் பெறவும் சிறுநீரகமே உதவிற்று. ஸ்கூவுக்கு நோபல் பரிசின் பாதி 1997இல் கிடைத்தது. கண்டுபிடிப்புக்குப் பின் நாற்பதாண்டு. அவருக்கு வயது 79. 2018இல் அவர் மறைந்தார்.

இவ்வரலாறு நமக்கு எதற்கு எனலாம். 1990களிலிருந்து நம் நாட்டின் வடமத்திய மாகாணத்தில், நீரிழிவோ உயர் குருதியமுக்கமோ இல்லாத உழவர் பலர் சிறுநீரக நோயால் மாள்கின்றனர். அந்நோய் முதலில் தாக்குவது இந்நுண்குழாய்களையும் அவற்றைச் சூழ்ந்த இழையங்களையுமே. அதன் காரணத்தை அறிஞர் இன்றும் ஒருமுகமாகக் கூறவில்லை.

இளைஞர்காள்! வைத்தியராக வேண்டுமென்று நம் பெற்றோர் விரும்புவது நன்றே. ஆனால் நோய் தீர்க்கும் கையோடு, நோயின் மூலம் தேடும் கண்ணும் வேண்டும். புகழ் வரும் நாளை எண்ணாது நண்டின் நரம்பை நோக்கியிருந்தாரே, அந்தப் பொறுமை கொட்டாஞ்சேனைப் பிள்ளைக்கும் வெள்ளவத்தைப் பிள்ளைக்கும் எட்டாததன்று. முதியோரே, பிள்ளை கேள்வி கேட்டால் அதட்டாதீர். அக்கேள்வியில் ஓர் உழவனின் உயிர் தங்கியிருக்கலாம்.