கோடீஸ்வரன் வழக்கும் ஒரு கிளாக்கரின் சம்பள ஏற்றமும்

"கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்க்கவேணும்" எண்டு எங்கட ஊர்களில் சொல்லுவினம். இதைப் பகிடியாகத்தான் இப்ப எல்லாரும் சொல்லுகினம். ஆனால் வரண்ட மண்ணும் மிஷன் பள்ளிக்கூடங்களும் இருந்த குடாநாட்டில் அது ஒரு வாழ்க்கைக் கணக்கு. மாதச் சம்பளம், வருடாந்த சம்பள ஏற்றம், கடைசியில் பென்சன். பென்சன் கடைசிச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடப்படுவதால், இடையில் ஒரு சம்பள ஏற்றம் நின்றாலும் அதன் பாதிப்பு சாகும்வரை தொடரும்.

அந்தக் கணக்கில்தான் 1956இன் தனிச்சிங்களச் சட்டம் கை வைத்தது. சட்டத்தைப் பற்றி எங்களிடம் நிறைய எழுத்து உண்டு. 1961 பெப்ரவரியில் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் நடந்த சத்தியாக்கிரகத்தின் படங்களும் உண்டு. அதே ஆண்டு டிசம்பரில் திறைசேரி அனுப்பிய 560ஆம் இலக்கச் சுற்றறிக்கையைப் பற்றித்தான் பேச்சுக் குறைவு. அரச ஊழியர்கள் சிங்களப் பரீட்சையில் படிப்படியாகச் சித்தியடைய வேண்டும், இல்லாவிட்டால் சம்பள ஏற்றம் நிறுத்தப்படும் என்பதே அதன் சாரம்.

கேகாலைக் கச்சேரியில் வேலை செய்த எழுதுவினைஞர் செ. கோடீஸ்வரன் பரீட்சைக்குப் போகவில்லை. 1962இல் அவருக்கு வரவேண்டிய சம்பள ஏற்றம் வரவில்லை. அவர் சட்டமா அதிபருக்கு எதிராகக் கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். 1964இல் நீதிபதி ஓ.எல். டி கிறெற்சர் அவர் பக்கம் தீர்த்தார். ஒரு இனத்துக்குப் பாதகமான சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றக்கூடாது என்ற சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவை அரசகரும மொழிச் சட்டம் மீறுகிறது, ஆகவே அது செல்லாது என்றார். ஒரு கிளாக்கரின் சம்பள வழக்கில் நாட்டின் மொழிச் சட்டமே விழுந்தது. ஶ்ரீமாவோ அரசு மேன்முறையீடு செய்தது. அதில் ஆச்சரியமில்லை.

பிறகு நடந்ததுதான் எங்களை உறுத்துகிறது. 1965 மார்ச்சில் டட்லி சேனநாயக்காவின் 'தேசிய அரசாங்கம்' வந்தது. டட்லி–செல்வா ஒப்பந்தத்தோடு தமிழரசுக் கட்சி அதில் சேர்ந்தது. மு. திருச்செல்வம் உள்ளூராட்சி அமைச்சரானார். அவர் முன்னாள் சொலிசிற்றர் ஜெனரல். இந்த மேன்முறையீட்டின் பொருள் அவருக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஆனாலும் அதே அரசின் சட்டமா அதிபர் வழக்கைக் கைவிடவில்லை. 1967இல் பிரதம நீதியரசர் எச்.என்.ஜி. பெர்னாண்டோ, அரச ஊழியர் ஒருவர் சம்பளத்துக்காக முடிக்கு எதிராக வழக்காட முடியாது என்று சொல்லி மேன்முறையீட்டை ஏற்றார். மொழிக் கேள்வியைத் தொடவேயில்லை. தமிழரசுக் கட்சி அமைச்சரவையில் இருக்கும்போதே தமிழ் ஊழியர் தோற்றார்.

சட்டமா அதிபர் சுயாதீனமானவர், வழக்கு நீதிமன்றத்தின் விஷயம் என்று சொல்லலாம். சட்டத்தை மாற்ற ஆசனம் காணாது என்பதும் உண்மை. ஆனால் சுற்றறிக்கை சட்டமில்லை. அதைத் திருத்தவும், நிறுத்திய காசைக் கொடுக்கவும் அமைச்சரவை முடிவே போதும். அந்த அமைச்சரவையின் நிலைமை வேறு. 1956 களனி மாநாட்டில் ஐ.தே.க.வே தனிச்சிங்களத்துக்கு மாறியிருந்தது. பிலிப் குணவர்தனாவும் கே.எம்.பி. ராஜரத்னாவின் கட்சியும் அதே கூட்டணியில் இருந்தார்கள். 1966 ஜனவரியில் தமிழ்மொழி ஒழுங்குவிதிகளைக் கொண்டுவந்தபோது கொழும்பில் நடந்த ஊர்வலத்தில் பொலிஸ் சுட்டு ஒரு பிக்கு இறந்தார். அதை எதிர்த்தவர்களில் ஒருகாலத்தில் இரு மொழிக்கும் சம அந்தஸ்துக் கேட்ட இடதுசாரிகளும் இருந்தார்கள் என்பதை என்னவென்று சொல்ல!

இதுக்குள்ள கிளாக்கர்மாரின் காசை ஆர் கேட்பது? தமிழரசுக் கட்சியின் கண் மாவட்ட சபைகளில் இருந்தது. 1968இல் அதுவும் கைவிடப்பட்டது. அதே ஆண்டு திருச்செல்வம் பதவி விலகினார். ஆனால் உடனடிக் காரணம் திருகோணமலைக் கோணேஸ்வரம் விவகாரம். கூட்டாட்சிக் கனவை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. ஆனால் கட்சிக்கு வாக்குப் போட்ட குடும்பங்களின் சம்பளத் துண்டில் விழுந்த வெட்டு, கட்சி அரசோடு பிடித்த சண்டைகளின் பட்டியலில் கீழேயே கிடந்தது என்றுதான் எங்களுக்குப் படுகிறது.

1969 டிசம்பர் 11இல் லண்டன் பிரிவிக் கவுன்சில், டிப்ளொக் பிரபுவின் தீர்ப்பில், உயர்நீதிமன்ற முடிவை மாற்றியது. அரச ஊழியர் தன் சம்பளத்துக்கு வழக்காடலாம். மொழிச் சட்டம் செல்லுமா என்ற கேள்வி மட்டும் இலங்கை உயர்நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. அது விசாரிக்கப்படவேயில்லை. 1970இல் ஆட்சி மாறியது. 1971இல் பிரிவிக் கவுன்சிலுக்குப் போகும் வழி அடைக்கப்பட்டது. 1972 மே 22இல் வந்த புதிய யாப்பில் 29ஆம் பிரிவு இல்லை.

ஆக, சம்பளம் கேட்கலாம் என்ற உரிமை மிஞ்சியது. பென்சனுக்கு அதுவும் உறுதியில்லை. ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பின் முதலாம் பிரிவு, அரச ஊழியருக்கு ஓய்வூதியத்தில் பூரண உரிமை கிடையாது என்றே சொல்கிறது.