எழுத்து எவர் உடைமை? – முத்துக்குளித்துறையிலிருந்து ஒரு பார்வை

நம் இலக்கிய வட்டத்தின் முதலாண்டு மலரை இன்று கணினியில் திறந்தால் ஒரு சொல்லும் தமிழாகத் தெரிவதில்லை. உரோமன் எழுத்துகளும் பொருளற்ற குறிகளும் திரையில் நிரம்பி நிற்கின்றன. மலரைத் தட்டச்சுச் செய்த கடையில் அக்காலத்தில் இருந்த எழுத்துரு ஒரு தனி நிறுவனத்தின் பூட்டுக்கு உட்பட்டது. கடைக்காரர் தம் கணினியை மாற்றினார்; பூட்டைத் திறக்கும் கருவி தொலைந்தது; அந்நிறுவனமும் இப்போது இல்லை. அச்சிட்ட படிகள் கைவசம் உள்ளன என்று ஆறுதல் கொள்ளவும் இயலவில்லை. மறைந்த நம் மூத்த உறுப்பினர் ஒருவர் இருபது ஆண்டுகள் அலைந்து தொகுத்த கடற்சொற்களின் பட்டியலில், இடமின்மையால் பாதியைத்தான் அன்று அச்சிட்டோம். முழுப் பட்டியல் அந்தக் கோப்பில் மட்டுமே இருந்தது.

எழுத்து எவர் உடைமை என்னும் வினா எனக்கு இவ்வாறுதான் எழுந்தது. எழுந்த பின்னர், இக்கரையில் இவ்வினா புதிதன்று என்பதும் தெரிந்தது.

தமிழ் எழுத்தில் அச்சான நூல்களுள் நமக்குக் கிடைத்துள்ள முதல் நூல் ‘தம்பிரான் வணக்கம்’. 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சேறிய பதினாறு பக்கச் சிறு நூல் அது. அதனை உருவாக்கிய என்றீக்கசு அடிகளார், அண்டிரிக் அடிகளார் என்று தமிழ்நாட்டில் அறியப்படுபவர். போர்த்துக்கீசியராகிய அவர் வாழ்ந்தும் தமிழ் கற்றும் பணியாற்றியும் இறந்ததும் நம் முத்துக்குளித்துறையிலேதான். 1600ஆம் ஆண்டு புன்னைக்காயலில் காலமானார். அச்சுப் பணிக்குப் பொருள் ஈந்தவர்கள் இக்கரைப் பரதவர்கள். கடலுக்குள் மூச்சடக்கி எடுத்த முத்தின் பணம் ஈய எழுத்தாக மாறியது என்று சொன்னால் அது மிகையன்று.

அந்நூலில் இருவகை எழுத்துகளின் மாதிரிகள் காணப்படுகின்றன. ஒன்று 1577இல் கோவாவில் வார்க்கப்பட்டது. மற்றொன்று 1578இல் கொல்லத்தில் வார்க்கப்பட்டது. முதல் வார்ப்பு மனநிறைவு தராமையால் மறுவார்ப்புச் செய்தனர் போலும். தொடர்ந்து 1579இல் கொச்சியில் ‘கிரீசித்தியானி வணக்கம்’ வந்தது. 1586இல் அறுநூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்கள் கொண்ட ‘அடியார் வரலாறு’ அச்சானது. எட்டு ஆண்டுகளில் பதினாறு பக்கத்திலிருந்து அறுநூறு பக்கம்!

இதன்பின் நிகழ்ந்ததையே நாம் ஊன்றி நோக்க வேண்டும். ஏறத்தாழ நூறாண்டு கழித்து, 1679இல் அம்பலக்காட்டில் புரொயென்சா அடிகளாரின் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி அச்சானபோது, எழுத்துகளை மரத்தில் செதுக்க வேண்டியிருந்தது. அதற்கும் பின்னர், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சகம் அமைத்தபோது, தமிழ் எழுத்துகள் செருமனியின் ஆலே நகரில் வார்க்கப்பட்டுக் கப்பலேறி வந்தன. கொல்லத்தில் கைவந்த கலை அம்பலக்காட்டுக்கும் வரவில்லை, தரங்கம்பாடிக்கும் வரவில்லை. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கினர்.

காரணம் என்ன? பணம் பரதவருடையது, மொழி தமிழருடையது. ஆயினும் அச்சும் வார்ப்பும் நுட்பமும் சபையின் சுவர்களுக்குள் இருந்தன. உள்ளே இருந்த சிலர் மறைந்ததும் நுட்பமும் மறைந்தது. ஊர்க் கொல்லர் ஒருவர் கற்றிருந்தால், அவர் மகனும் மருமகனும் கற்றிருந்தால், புன்னைக்காயலிலிருந்து காயல்பட்டினத்துக்கும் நாகைக்கும் அது பரவியிருக்கும் என்று எண்ணுவது வீண் கற்பனையன்று. அச்சகம் நடத்த உரிமம் பெறவேண்டும் என்ற கட்டுப்பாட்டை 1835ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கிய பிறகு, தமிழர் கைகளில் அச்சு எவ்வளவு விரைவாகப் பெருகியது என்பதை நாம் அறிவோம். ஏட்டுச்சுவடிகளில் உறங்கிய சங்க இலக்கியம் வெளிவந்ததும் அதன் பயனே.

இப்போது கப்பலுக்கு வருவோம். வ. உ. சிதம்பரனாரின் வரலாற்றை இங்கு முழுதும் சொல்லப் போவதில்லை. தூத்துக்குடியில் அதைச் சொல்வது கொற்கையில் முத்து விற்பதை ஒக்கும். இரண்டு செய்திகள் மட்டும் போதும். 1906இல் தொடங்கிய சுதேசி நாவாய்ச் சங்கம் முதலில் சொந்தக் கப்பலின்றி, வாடகைக் கப்பலையே நம்பியிருந்தது. பிரிட்டிஷ் இந்தியா நாவாய்க் கம்பெனியார் கொடுத்த நெருக்கடியால் கப்பலின் உடைமையாளர் அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். வாடகைக் கப்பலில் நாம் பயணிகளே அன்றித் தலைவர்கள் அல்லர் என்பது சிதம்பரனாருக்கு அன்று விளங்கியது. ‘காலியா’, ‘லாவோ’ என்னும் கப்பல்கள் 1907இல் விலைக்கு வாங்கப்பட்டமைக்கு இதுவே காரணம்.

இரண்டாவது செய்தி, போட்டிக் கம்பெனியார் கட்டணத்தைக் குறைத்துக் குறைத்துக் கடைசியில் கட்டணமே இன்றி ஏற்றிச் சென்றது. குடையும் கொடுத்தனர் என்பர். விலையின்மை வேறு, விடுதலை வேறு என்பதை நம் ஊர் 1907லேயே கண்டுகொண்டது. கணினி உலகம் அதைக் கண்டுகொள்ள மேலும் எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

1983இல் அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் ‘குனு’ திட்டத்தை அறிவித்தார். மென்பொருளைப் பயன்படுத்தவும், அதன் மூலநிரலைப் படித்துத் திருத்தவும், பிறருக்குப் படியெடுத்து வழங்கவும் பயனருக்கு உரிமை வேண்டும் என்பது அவர் கொள்கை. 1991இல் பின்லாந்து மாணவர் லினசு டோர்வால்சு எழுதிய லினக்சு, மறு ஆண்டிலேயே குனு பொது உரிமத்தின்கீழ் வந்தது. 1998இல் இவ்வியக்கத்துள் ஒரு பிரிவினர் உரிமை என்ற பேச்சை ஒதுக்கி, மூலத்தைத் திறந்துவைத்தல் நல்ல பொறியியல் முறை என்று மட்டும் கூறித் ‘திறமூலம்’ என்ற பெயரைச் சூட்டினர். தமிழில் ‘கட்டற்ற மென்பொருள்’ என்னும் சொல்லும் வழங்குகிறது. இரண்டனுள் எனக்குப் பின்னதே உவப்பானது. கதவு திறந்திருக்கிறது என்பது ஒரு செய்தி. கட்டு அவிழ்ந்தது என்பது வேறொரு செய்தி.

தமிழுக்கு இதனால் நேர்ந்தது யாது? 1980களின் பிற்பகுதி முதல் தமிழ் எழுத்துருக்கள் பெருகின. ஆனால் ஒவ்வொருவரும் ‘க’வுக்கு ஓர் எண்ணைத் தத்தம் விருப்பப்படி கொடுத்தனர். ஒருவர் எழுதியது மற்றவர் கணினியில் குப்பையாயிற்று. இக்குழப்பத்தைத் தீர்க்க இணையத்தில் கூடிய தன்னார்வலர்கள் ‘திஸ்கி’ குறியீட்டை உருவாக்கினர். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய ‘தமிழ்நெட் 99’ மாநாட்டையொட்டி ‘டாம்’, ‘டாப்’ குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் பிறந்தன. இதனிடையே 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம் அவர்களின் முயற்சியால் மதுரைத் திட்டம் தொடங்கியது. பல நாட்டுத் தமிழர் கூலியின்றித் தட்டச்சுச் செய்த இலக்கியங்களை எவரும் விலையின்றிப் பெறலாம். பொது வடிவத்தில் இருந்தமையால் அந்நூல்கள் திஸ்கியிலிருந்து ஒருங்குறிக்குச் சேதமின்றிக் கரையேறின. நம் மலர் கரையேறவில்லை.

ஒருங்குறியைப் பற்றியும் ஒரு குறை சொல்ல வேண்டும். 1991இல் வெளியான அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கிடைத்தன. ஆயினும் அப்பட்டியல், தேவநாகரியை மனத்தில் கொண்டு 1988இல் வகுக்கப்பட்ட இந்தியக் குறியீட்டைப் பின்பற்றியது. அதனால் ‘க்’ என்னும் மெய், அகரமேறிய ‘க’வின் மேல் புள்ளி என இரண்டு எண்களாயிற்று. மெய்யே முதல், உயிர் ஏறுவது பின் என்னும் தொல்காப்பியக் கணக்கு தலைகீழாயிற்று. தமிழக அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றபோது, அனைத்தெழுத்துக் குறியீட்டையும் உடன் ஏற்றது இதனாலேதான். தரம் எல்லார்க்கும் பொதுவாக இருப்பது மட்டும் போதாது. அதனை வகுக்கும் அவையில் நாமும் அமர்ந்திருக்க வேண்டும்.

எழுத்துருப் பூட்டிய நிறுவனத்தாரை முற்றிலும் பழிப்பதற்கும் எனக்கு மனமில்லை. 247 எழுத்துகளுக்கும் வடிவம் வரைவது மாதக்கணக்கான உழைப்பு. ஓர் எழுத்துரு விற்றால், அடுத்த வாரம் அதன் திருட்டுப்படி பத்துக் கடைகளில் இருக்கும். அவர்கள் பூட்டியது பேராசையால் மட்டுமன்று, அச்சத்தாலும்தான். அந்தத் திருட்டுப்படிகளில் நாம் துண்டறிக்கை அச்சிட்டதையும் மறைப்பதற்கில்லை. பெருநிறுவனங்களின் கதை வேறு. உலகின் கைப்பேசிகளில் மிகப் பெரும்பாலானவற்றை இயக்கும் ஆண்ட்ராய்டின் அடியில் லினக்சே இருக்கிறது. தன்னார்வலர் நட்ட மரத்தில் அவர்கள் கனி பறிக்கின்றனர். சிலர் நீரும் ஊற்றுகின்றனர், பலர் ஊற்றுவதில்லை. கட்டணமின்றி ஏற்றிச் செல்லும் அவர்களுடைய கப்பல்களில் நாம் நாள்தோறும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறோம்.

நம் கோப்பின் கதையை முடித்துவிடுகிறேன். ஊர்க் கல்லூரி மாணவி ஒருவர், தன்னார்வலர் எழுதிய ‘ஓப்பன் தமிழ்’ என்னும் நிரல் தொகுப்பை இறக்கிப் பார்த்தார். பழைய எழுத்துருக்கள் பலவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் அட்டவணைகள் அதில் இருந்தன. நம் எழுத்துருவுக்குரியது இல்லை. ஆனால் மூலநிரல் கண்முன் இருந்தமையால், அச்சிட்ட பக்கங்களையும் கோப்பையும் ஒப்பிட்டு எழுத்துக்கு எழுத்து ஓர் அட்டவணையை அவரே வகுத்துச் சேர்த்தார். மூன்று வாரங்கள் ஆயின. எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. வாடை, கொண்டல், கச்சான், நீவாடு எனக் காற்றும் நீரோட்டமும் ஒவ்வொன்றாய்த் திரையில் தமிழாகி எழுந்தபோது அருகில் இருந்தோம்.

குறுந்தகடு கீறலுற்றமையால் பட்டியலின் கடைசிப் பகுதி மீளவில்லை. அது சங்கு குளிப்போர் கடலடித் தரையின் தன்மைகளைக் குறிக்க வழங்கும் சொற்களின் பகுதி. அச்சொற்களைக் கேட்டுவர, வரும் மாதம் திரேஸ்புரத்துக்குச் செல்ல வட்டத்தார் இருவர் இசைந்துள்ளனர். உடன்வர விரும்புவோர் செயலாளரிடம் பெயர் தரலாம்.